சென்னைக்கு எதில் போவது? ராசிங்காபுரத்து வாசலிலிருந்து ஒரு கணக்கு

ஊரில் யார் வீட்டிலாவது "சென்னைக்குப் போறோம்" என்று பேச்சு எழுந்தால் அடுத்த கேள்வி "எதுல போறீங்க?" என்பதுதான். பதில் யோசிக்காமலே வந்துவிடும். போன தடவை எதில் போனார்களோ அதில்தான் இந்தத் தடவையும். தேனிக்குப் போய் ஆம்னி பஸ் ஏறிப் பழகியவர் அதையே சொல்வார். கார் வாங்கியவர் காரைச் சொல்வார். வெளிநாட்டிலிருந்து பிள்ளை பணம் அனுப்புகிற வீட்டில் விமானம் என்பார்கள். இந்த அத்தியாயம் அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் நிறுத்திவைத்து, ஒவ்வொரு பயணத்துக்கும் தனியாகக் கணக்குப் போட்டுப் பார்ப்பதற்காக எழுதியது. ராசிங்காபுரம், சிலமலை, தேவாரம் பக்கத்து வாசகர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். போடி, தேனிக்காரர்கள் அரை மணி, ஒரு மணி நேரம் கழித்துக்கொண்டு படிக்கலாம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விமானம் ஒன்றேகால் மணி நேரம், ரயில் பதினொன்றரை மணி நேரம், கார் ஒன்பது மணி நேரம் என்று ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அவையெல்லாம் நடுவழிக் கணக்கு. நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு நேரமும் பணமும் உடம்பும் செலவாவது இரண்டு முனைகளில்தான். வீட்டை விட்டு இறங்குவதிலிருந்து வண்டி ஏறும் வரை ஒரு முனை. இறங்கிய இடத்திலிருந்து போய்ச் சேர வேண்டிய வாசல் வரை இன்னொரு முனை. கடிகாரத்தை வீட்டு வாசலில் ஓட விடுங்கள், அந்த வாசலில் நிறுத்துங்கள்.

அப்பாவோடு போன விமானப் பயணம்

சில வருஷங்களுக்கு முன்னால் அப்பாவைச் சென்னைக்கு விமானத்தில் அழைத்துப் போனேன். முழங்கால் வலி, பஸ்ஸில் உட்கார முடியாது, விமானத்தில் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம் என்பது என் எண்ணம். பகல் 1 மணிக்கு விமானம். ராசிங்காபுரத்திலிருந்து மதுரை விமான நிலையம் 100 கிலோமீட்டருக்கு மேல். ஆண்டிபட்டி, உசிலம்பட்டி, செக்கானூரணி என்று வழியில் ஊர்கள் நெருக்கம். காரில் இரண்டரை மணி நேரம், டயர் பஞ்சர், சாலை மறியல் என்று எதற்காவது அரை மணி நேரம் கூடுதல் என்று வைத்துக் காலை 8:30 மணிக்குக் கிளம்பினோம். 11:30க்கு உள்ளே போனோம். விமானம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்று அறிவித்தார்கள். அப்பா அந்தக் கம்பி நாற்காலியில் காலை நீட்டவும் முடியாமல் மடக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். சென்னையில் இறங்கி, பெட்டி எடுத்து, டாக்சி பிடித்து, பெரம்பூரில் அக்கா வீட்டுக் கதவைத் தட்டும்போது மாலை 5:30 மணி. வாசலிலிருந்து வாசலுக்கு ஒன்பது மணி நேரம். அதில் வானத்தில் இருந்தது ஒன்றேகால் மணி நேரம். மீதி முழுக்க உட்கார்ந்தே இருந்தார். "படுத்துக்கிட்டே போயிருக்கலாம்யா" என்றார், குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார்.

விமானம் தாமதமாகாமல் இருந்தால் ஏழரை, எட்டு மணி நேரத்தில் முடிந்திருக்கும். மதுரை வரை பஸ்ஸில் போய் ஆரப்பாளையத்தில் இறங்கி அங்கிருந்து விமான நிலையம் போயிருந்தால் பத்தைத் தொட்டிருக்கும். இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பார்ப்போம்.

போடி ரயில்

நம் பக்கத்து ரயிலுக்கு ஒரு தனிக் கதை உண்டு. மதுரையிலிருந்து போடிக்கு 90 கிலோமீட்டர் பாதை 1928-இல் திறந்தது. ஏலக்காயும் தேயிலையும் மலையிலிருந்து இறங்கி வெளியூர் போக வேண்டும் என்பதுதான் அதற்குப் பெரிய காரணம். இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950-களில் மறுபடி போட்டார்கள். 2010 கடைசியில் அகலப் பாதையாக மாற்றுவதற்காக மூடினார்கள். தேனி வரை 2022 மே மாதம் ரயில் வந்தது. போடிக்கு வந்தது 2023 ஜூன் 15-ஆம் தேதி. அந்தப் பன்னிரண்டரை வருஷத்தில் பள்ளிக்கூடம் முடித்து, கல்லூரி முடித்து, சென்னையில் வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களுக்கு ஊருக்குப் போக ரயில் என்ற நினைப்பே வருவதில்லை. இந்த அத்தியாயத்தில் ரயிலைப் பற்றி அதிகம் பேசப்போவது அதனால்தான்.

இப்போது போடிக்கு முக்கியமாக இரண்டு வண்டிகள். ஒன்று, சென்னை சென்ட்ரல் அதிவிரைவு வண்டி. சென்ட்ரலில் திங்கள், புதன், வெள்ளி இரவு 10:30க்குப் புறப்பட்டு மறுநாள் காலை ஒன்பதரை மணி வாக்கில் போடிக்கு வரும். போடியிலிருந்து செவ்வாய், வியாழன், ஞாயிறு இரவு 8:30க்குக் கிளம்பி மறுநாள் காலை எட்டு மணிக்குள் சென்ட்ரல் போய்ச் சேரும். இது விழுப்புரம் வழியாகப் போகும் வண்டி இல்லை. திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம், காட்பாடி என்று மேற்கே சுற்றிப் போகிறது. இன்னொன்று, மதுரைக்கும் போடிக்கும் நடுவே ஓடும் முன்பதிவில்லாத வண்டி. காலை 8:20க்கு மதுரையில் கிளம்பி 10:30க்கு போடி வரும். மாலை 5:50க்கு போடியில் கிளம்பி இரவு 7:50க்கு மதுரை போகும். ரயில்வே அட்டவணைகள் மாறக்கூடியவை. டிக்கெட் எடுக்கும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முன்பதிவில்லாத வண்டியின் நேரத்தைப் பார்த்ததும் நம்மவர்கள் கேட்பது இதுதான்: "அண்ணே, காலையில மதுரைக்குப் போற மாதிரி விடக் கூடாதா?" நியாயமான கேள்வி. மதுரையில் கண் ஆஸ்பத்திரி, கோர்ட்டு, கல்லூரி, ஜவுளி என்று எதற்குப் போனாலும் காலையில் போய் மாலையில் திரும்ப வேண்டும். இந்த வண்டி அதற்கு நேர் எதிராக ஓடுகிறது. ஒரே நாளில் மதுரை போய்த் திரும்புவதற்கு இதை நம்பாதீர்கள். போடியிலிருந்து ஆரப்பாளையத்துக்கு நாள் முழுக்க பஸ் உண்டு, அதுதான் வழி. க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் பஸ்தான். மதுரை பஸ் வாசலிலேயே நிறுத்தும், ரயில் நிறுத்தாது.

ஆனால் அதே அட்டவணையைச் சென்னைக்காரர் கண்ணால் பாருங்கள். மாலை 5:50 வண்டியில் ஏறினால் 7:50க்கு மதுரை சந்திப்பு. நிலையத்தை விட்டு வெளியே போகாமலே சாப்பிட்டுவிட்டு, இரவு ஒன்பது மணிக்கு மேல் கிளம்பும் பாண்டியன் விரைவு வண்டியில் படுத்துவிடலாம். விடியற்காலையில் எழும்பூர். திரும்பும்போது எழும்பூரில் இரவு ஏறினால் காலை ஆறு மணியைச் சுற்றி மதுரை. பல் விளக்கி, இட்லி சாப்பிட்டு, 8:20 வண்டியில் ஏறினால் பத்தரைக்கு போடி. சென்ட்ரல் வண்டி இல்லாத நாளிலும் கிட்டத்தட்ட முழு வழியும் ரயிலிலேயே வந்துவிடுகிறீர்கள். நம் ஊரில் இதைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் ரொம்பக் குறைவு. எழும்பூர் நிலையத்தைப் புதுப்பிக்கும் வேலை நடப்பதால் சில வண்டிகள் அவ்வப்போது தாம்பரத்தோடு நின்றுவிடுகின்றன. அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்ட்ரல் வண்டியின் நாட்களையும் கொஞ்சம் கவனியுங்கள். வெள்ளிக்கிழமை இரவு சென்னையில் ஏறுகிற பிள்ளை சனிக்கிழமை காலைச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கும். ஞாயிறு இரவு 8:30க்குக் கிளம்பினால் திங்கள் காலை வேலைக்குப் போய்விடலாம். வார விடுமுறைக்கு ஊர் வருகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது. அதனால்தான் ஞாயிறு டிக்கெட் முதலில் தீர்ந்துபோகிறது. முன்பதிவு பயணத் தேதிக்கு 60 நாள் முன்னால் தொடங்குகிறது. 2024 அக்டோபர் வரை 120 நாளாக இருந்தது, அந்தப் பழைய கணக்கில் இன்னும் பலர் இருக்கிறார்கள். தட்கல், வண்டி கிளம்புவதற்கு முந்தின நாள் ஏ.சி. வகுப்புக்குக் காலை 10 மணிக்கும் படுக்கை வகுப்புக்கு 11 மணிக்கும் திறக்கும். 2025 ஜூலையிலிருந்து இணையத்தில் தட்கல் எடுக்க, கணக்கில் ஆதார் சரிபார்த்திருக்க வேண்டும். இதைத் தட்கல் எடுக்கும் காலை 9:55க்குச் செய்ய முடியாது, இன்றைக்கே செய்து வையுங்கள்.

போடி நிலையத்துக்கு இரவு எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். கிழக்கே விளக்கு வெளிச்சம், மேற்கே மலை கறுத்து நிற்கும். வண்டி ஏற்கெனவே நடைமேடையில் நின்றுகொண்டிருக்கும், ஏனென்றால் பாதை இங்கேயே முடிகிறது. ஏறுவதற்கு அடித்துப்பிடித்து ஓட வேண்டாம். அப்பத்தாவை ஒரு படி, இரண்டு படி என்று நிதானமாக ஏற்றலாம், பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டுத் தண்ணீர் பாட்டில் வாங்க இறங்கலாம். யாராவது ஒருவர் சென்னை உறவுக்காரருக்கென்று கொண்டுபோகும் ஏலக்காய்ப் பொட்டலம் அந்தப் பெட்டி முழுவதும் மணத்துக்கொண்டிருக்கும். வண்டி கிளம்பும் இடத்திலேயே ஏறுவது எவ்வளவு பெரிய வசதி என்பது, நடுராத்திரி நடுநிலையத்தில் இரண்டு நிமிஷ நிறுத்தத்தில் வயதானவர்களை ஏற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பஸ்ஸைப் பற்றிப் பேசாமல் முடியாது

ரயிலா, விமானமா, காரா என்று கேட்கிற வழிகாட்டிகள் பஸ்ஸை விட்டுவிடும். நம் பக்கத்தில் அது நடக்காது. எதில் போனாலும் முதல் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் பஸ்தான். ராசிங்காபுரத்திலிருந்து போடிக்கு டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. தேவாரம், போடி வழித்தடத்தில் இரவில் பஸ் குறைந்துவிடும் என்பதால் 8:30 ரயிலுக்கு ஏழு மணிக்கு முன்பே ஊரை விட்டு இறங்கிவிடுங்கள்.

சென்னைக்கு நேர் பஸ் என்றால் தேனி, பெரியகுளம், வத்தலக்குண்டு, திண்டுக்கல், திருச்சி வழி. ரயில் மாதிரி மதுரைக்குப் போய்ச் சுற்றாது. இரவு ஏறினால் பத்துப் பதினொரு மணி நேரத்தில் கிளாம்பாக்கம். அங்கேதான் கணக்கு மாறிவிட்டது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு தென்மாவட்டப் பஸ்களுக்கு அதுதான் கடைசி நிறுத்தம். கோயம்பேட்டில் இறங்கிய காலத்துக் கணக்கு இப்போது செல்லாது. தாம்பரம், வண்டலூர், சோழிங்கநல்லூர் பக்கம் போகிறவர்களுக்கு இது வசதி. பெரம்பூர், அண்ணாநகர், திருவொற்றியூர் போகிறவர்கள் காலை நெரிசலில் இன்னும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் சேர்த்துக்கொள்ள வேண்டும். சொந்தக்காரர் வீடு சென்னையின் எந்த மூலையில் இருக்கிறது என்பதுதான் பஸ்ஸா ரயிலா என்பதைத் தீர்மானிக்க வேண்டும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இதை யாரும் எழுதுவதில்லை, வீட்டில் சத்தமாகப் பேசுவதும் இல்லை. இரவு பஸ்ஸில் போகிற பெண்கள் மதியத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். என் அம்மா அப்படித்தான். மாலை காபியைக் கூட வேண்டாம் என்பார். கேட்டால் "ராத்திரி வண்டில்ல" என்பார். பஸ் நிறுத்துகிற இடம் நடத்துநர் கையில். நிறுத்தினாலும் இருட்டில், நெடுஞ்சாலை ஓரத்து உணவகத்தின் பின்பக்கம், விளக்கில்லாத ஒரு கழிப்பறை. பல தடவை அம்மா இறங்கிப் பார்த்துவிட்டு அப்படியே ஏறிவிடுவார். மறுநாள் நீர்க்கடுப்பு. சர்க்கரை இருப்பவர்களுக்கும், புரோஸ்டேட் தொந்தரவு உள்ள பெரியவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் இது இன்னும் கஷ்டம். ரயிலில் பெட்டிக்குள்ளேயே கழிப்பறை இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, ஒரு நாள் பயணத்தைத் தள்ளிப்போட்டாவது ரயில் டிக்கெட் எடுங்கள் என்பேன். அம்மாவும் அப்பத்தாவும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள், வேண்டும் என்றும் கேட்கமாட்டார்கள். முடிவு எடுக்கிறவர்கள்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

விமானம் எப்போது சரி

அப்பா கதையைச் சொன்னதால் நான் விமானத்துக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். சாவு வீட்டுக்குப் போக வேண்டும், மறுநாள் காலை நேர்முகத் தேர்வு, டெல்லி, மும்பை போன்ற தூரம் என்றால் தயங்காமல் விமானம்தான். சென்னை வழியாக வெளிநாடு போகிறவர்களும் மதுரையிலேயே ஏறிவிட்டால் சென்னை நகருக்குள் பெட்டியோடு அலைய வேண்டாம். கொழும்பு, துபாய், சிங்கப்பூருக்கு மதுரையிலிருந்தே நேராகப் பறக்கலாம்.

டிக்கெட் விலையோடு மதுரை வரை வாடகைக் காருக்கு ஆகும் தொகையையும் சேருங்கள். காருக்குத் திரும்பி வரும் வழிக்கும் சேர்த்துத்தான் வாங்குவார்கள். ஒருவர் போனால் கட்டுப்படியாகாது, மூன்று பேர் போனால் பரவாயில்லை. சுமையையும் பாருங்கள். உள்நாட்டு விமானத்தில் பொதுவாக 15 கிலோ பெட்டியும் கையில் 7 கிலோவும்தான். ரயிலில் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் ஆளுக்கு 40 கிலோ. பேரன் பேத்திக்கு முறுக்கு டின், தேங்காய், அரிசி மாவு, ஊறுகாய் ஜாடி என்று கட்டுகிற வீட்டுக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை. ஊறுகாய், நெய், எண்ணெய் எதையும் விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள், சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள்.

பிரான்சில் 2023 மே மாதம் ஒரு விதி கொண்டுவந்தார்கள். இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போக முடிகிற ஊர்களுக்கு நடுவே உள்நாட்டு விமானம் கூடாது. பாரிஸின் ஓர்லி நிலையத்திலிருந்து லியோன், நான்த், போர்தோ ஊர்களுக்குப் பறந்த விமானங்கள் நின்றன. கரிப்புகையைக் குறைப்பதற்காகச் செய்தது. அங்கே அது முடிந்ததற்குக் காரணம், 1981-இலேயே பாரிஸுக்கும் லியோனுக்கும் அதிவேக ரயில் விட்டு, ஒன்று போனால் அடுத்தது என்று நாள் முழுக்க ஓட விட்டிருக்கிறார்கள். ரயில் தவறினால் அடுத்ததில் ஏறலாம். வாரத்தில் மூன்று நாள் மட்டும் சென்னை வண்டி வரும் போடிக்கு அந்த விதியை வைத்துப் பார்க்க முடியாது. முதலில் தினசரி வண்டி வேண்டும், காலையில் மதுரை போகிற வண்டி ஒன்று வேண்டும். அதைக் கேட்கிற உரிமை வரி கட்டுகிற நமக்கு இருக்கிறது.

சொந்தக் கார்

ராசிங்காபுரத்திலிருந்து சென்னைக்கு 500 கிலோமீட்டருக்கு மேல். இடையில் நின்று சாப்பிட்டுப் போனால் ஒன்பது, பத்து மணி நேரம். 525 கிலோமீட்டர் என்று வையுங்கள். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டிக்கு 35 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் 3,500 ரூபாய், அதற்கு மேல் சுங்கச்சாவடி. நான்கு பேர் போனால் பங்கு ஆயிரத்தைச் சுற்றி வரும். கைக்குழந்தை, நடக்க முடியாதவர், சீர் சாமான் இருந்தால் காருக்கு நிகர் இல்லை. தனியாளாகப் போவதற்கு மட்டும் காரை எடுக்காதீர்கள். அடிக்கடி போய்வருகிறவர்களுக்கு 2025 ஆகஸ்ட் 15 முதல் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் ஆண்டு பாஸ் உண்டு (தொடங்கியபோது 3,000 ரூபாய்), சொந்தக் காருக்கு மட்டும், 200 தடவை அல்லது ஒரு வருஷம்.

ஒரே வேண்டுகோள்: பகல் முழுக்கத் தோட்டத்திலோ கடையிலோ வேலை பார்த்துவிட்டு ராத்திரி பத்து மணிக்குக் காரை எடுக்காதீர்கள். இரவில் சாலை காலியாக இருக்கும் என்பது உண்மை. விடியற்காலை மூன்று மணிக்குக் கண் சொருகும் என்பதும் உண்மை. விழுப்புரம் பக்கம் நிற்கிற லாரியின் பின்னால் மோதிய கார்களை எத்தனை செய்தியில் படித்திருக்கிறோம். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து கிளம்புங்கள், வெயில் ஏறுவதற்குள் திருச்சியைத் தாண்டிவிடலாம்.

பெங்களூரு, கோவை

பெங்களூருக்கு 2024 ஆகஸ்ட் 31 முதல் மதுரையிலிருந்து வந்தே பாரத் ஓடுகிறது. காலை 5:15க்குப் புறப்படுகிறது. அதைப் பிடிக்க நாம் ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்ப வேண்டும், அல்லது முந்தின இரவே மதுரையில் தங்க வேண்டும். போவதற்கு இரவு பஸ்தான் நல்லது. திரும்பி வர மட்டும் அந்த ரயில் பயன்படும். மதியம் பெங்களூரில் ஏறினால் இரவுக்குள் திண்டுக்கல். மதுரை வரை வந்து அலையாமல் திண்டுக்கல்லிலேயே இறங்கிவிடுங்கள். அங்கிருந்து தேனிக்கும் மதுரையிலிருந்து தேனிக்கும் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான். வடக்கிலிருந்து வருகிற எந்த ரயிலுக்கும் இதை யோசியுங்கள். கோவைக்குப் பஸ், அவ்வளவுதான்.

மேற்கே, மலை ஏறிப் போகிறவர்களுக்கு

ராசிங்காபுரத்துக்கு மேற்கே பார்த்தால் மலைதான். மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி, மூணாறு, கொச்சி. ரயில் இங்கே கிடையாது, விமானமும் கிடையாது. நூறு வருஷத்துக்கு முன்னால் மூணாறு தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வந்தது. மலைமேல் குண்டலைப் பள்ளத்தாக்கில் ஓடிய குட்டி ரயிலை 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. இன்றைக்கு நமக்கு இருப்பது சாலை ஒன்றுதான்.

வழி இரண்டு. போடிமெட்டு வழியாகப் போகும் கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை ஒன்று. தேவாரம், கோம்பை, உத்தமபாளையம், கம்பம் வழியாகக் குமுளி ஏறுவது இன்னொன்று. மூணாறு, பூப்பாறை, சாந்தன்பாறை என்றால் போடிமெட்டு. கோட்டயம், தேக்கடி, பத்தனம்திட்டா என்றால் குமுளி. நம் ஊர் இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் ஒன்று அடைத்தால் மற்றதுக்குத் திரும்பலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் போடிமெட்டுச் சாலையில் பாறை சரியும், மரம் விழும். கார்த்திகை முதல் தை வரை குமுளிப் பாதையில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம், சில நாட்கள் ஒருவழிப் பாதையாக மாற்றிவிடுவது வழக்கம். கொச்சியில் விமானம் பிடிக்கிறவர்கள் அந்த மாதங்களில் முந்தின நாளே மலையைத் தாண்டிவிட வேண்டும். மூணாறு வழியில் கொச்சி விமான நிலையத்துக்கு வெயில் காலத்திலேயே ஐந்தாறு மணி நேரம் ஆகும்.

போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. மேலே ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விட வேண்டும். ஏறும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். சமவெளியில் மட்டும் ஓட்டிப் பழகியவர்கள் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வருவார்கள். முந்தல் சோதனைச் சாவடியில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு கார் அப்படி வந்து நின்றது. முன் சக்கரத்திலிருந்து புகை, ரப்பர் கருகிய நாற்றம். உள்ளே இரண்டு குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. இன்னும் ரெண்டு வளைவு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கே நின்ற ஜீப் ஓட்டுநர்கள் பேசிக்கொண்டார்கள். மூடுபனியில் விளக்கைத் தாழ்த்தி வையுங்கள், ஏற்றிப் போட்டால் பனிதான் வெள்ளைத் திரையாகத் தெரியும், சாலை தெரியாது.

ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற ஜீப்பைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. விடியுமுன் தேவாரம் சாலையில் தூக்குவாளியும் பையுமாகப் பெண்கள் நிற்பார்கள். அவர்களுக்கு ரயிலா விமானமா என்ற தேர்வு இல்லை. வருகிற ஜீப்தான். ஏற்ற வேண்டியதற்கு மேல் ஆள் ஏற்றிய ஜீப்பில் ஏற மறுக்கவும் முடியாது, மறுத்தால் அன்றைக்குக் கூலி போய்விடும். தோட்டக்காரர்களும் வண்டிக்காரர்களும் இதைப் படித்தால், இரண்டு ஜீப் விடுங்கள். வேலைக்குப் போகிறவர்கள், முடிந்தவரை உள்ளே உட்காருங்கள், பின் படியில் தொங்காதீர்கள், ஓட்டுநர் தூக்கக் கலக்கத்தில் இருந்தால் எல்லோரும் சேர்ந்து நிறுத்தச் சொல்லுங்கள்.

திரும்பும் வழி

போகும்போது பார்த்துப் பார்த்துத் திட்டம் போடுகிறவர்கள் திரும்பும் பயணத்தை விட்டுவிடுகிறார்கள். காலை ஒன்பதரைக்கு போடியில் இறங்கினால் கவலை இல்லை, பஸ் நிலையத்துக்கு ஆட்டோ, அங்கிருந்து தேவாரம் பஸ். ராத்திரி பத்து மணிக்கு மதுரையில் இறங்கினால் ஆரப்பாளையத்தில் தேனி பஸ் கிடைக்கும். ஆனால் தேனியில் நள்ளிரவு தாண்டிப் பையோடு நின்றால் போடிக்கே வண்டி தேட வேண்டும், போடியிலிருந்து ஊருக்கு எதுவும் இராது. அப்படி வருகிற நாளில் மாலையிலேயே ஊரில் ஆட்டோ அல்லது கார் வைத்திருப்பவரிடம் பேசி, வந்து சேரும் நேரத்தையும் இறங்கும் இடத்தையும் சொல்லி வையுங்கள். உசிலம்பட்டி தாண்டும்போது ஒரு தடவை போன் பண்ணுங்கள், சரியாகத் தேனியில் வந்து நிற்பார்.